அண்ணன் சட்டை

அத்தியாயம் பதினொன்று

எட்டு மாதமாக ஜினெவ்ரா செத்துப்போயிருந்தாள்.

செத்தவள் தினமும் விடிகாலையில் எழுந்து கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டினாள். நாடகத்துத் தோல் முகமூடிகளுக்கு எண்ணெய் போட்டாள். பிறகு அண்ணன் சில்வியோவின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்புவரை வளர்ந்த கூந்தலைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்து, அம்மாவின் முன்னால் போய் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எந்திரிச்சிட்டியாம்மா?"

"எந்திரிச்சிட்டேன் சில்வியோ. நீ சாப்பிட்டியா?"

பிப்ரவரியில் கிரெமோனாவில் சில்வியோவுக்குக் காய்ச்சல் கண்டதும், கன்னியாஸ்திரிகளின் மருத்துவமனையில் அவனைச் சேர்த்ததும், மறுநாள் காலை அப்பா பல்தசாரே தொப்பியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து "முடிஞ்சுபோச்சு" என்றதும் நினைவிருக்கும். தொற்றுக் காய்ச்சல் என்பதால் உடலைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. அன்று பகலே நாடகக் குழு பார்மாவுக்குப் புறப்பட்டது. தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் கொண்டாட்ட வாரம். அந்த ஒரு வாரத்தை விட்டால் நாடகக்காரனுக்கு வருஷமே போயிற்று.

பார்மாவில் அம்மா ஓர்சோலா படுத்துவிட்டாள். ஐந்து நாள் பேச்சில்லை, சரியான சாப்பாடில்லை. ஆறாம் நாள் ஜினெவ்ரா மேடையிலிருந்து, அண்ணன் சட்டையில் போட்ட ஆண்வேஷத்தைக் கலைக்காமல் அவளருகே வந்தபோதுதான் கண்ணைத் திறந்து, "சில்வியோ" என்றாள். எழுந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப் முழுவதையும் குடித்தாள்.

அப்பா அன்றைக்கு முழங்காலில் விழுந்து அழுதார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சட்டையைக் கழட்டாதேம்மா, கொஞ்ச நாளைக்கு" என்றார்.

அப்படியானால் செத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓர்சோலாவே முடிவு செய்துகொண்டாள். இரண்டு பிள்ளைகளில் ஒன்று போய்விட்டது. சில்வியோ இதோ நிற்கிறான். போனவள் ஜினெவ்ரா.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நான்கே நாள் இருந்த அந்த அக்டோபர் காலையில், பியாசென்சா ஊரின் ஒரு கம்பளி வியாபாரியின் மாளிகை முற்றத்தில் குழு வண்டிகளை அவிழ்த்திருந்தது. மதியத்துக்கு மேல் பெரிய கூடத்தில் ஆட்டம். மாளிகைக் காரியஸ்தர் காலையிலேயே வந்துவிட்டார்.

"எங்க எஜமானியம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றார் பல்தசாரேயிடம். "மூணு வருஷம் முன்னாடி பார்மாவிலே இதே நாடகத்தைப் பார்த்திருக்காங்க. கடைசியிலே அந்தப் பையன் தொப்பியைக் கழட்டுவான், முடி கீழே விழும், ஐயோ பொண்ணுன்னு எல்லாரும் வாயைப் பிளப்பாங்க. அந்த முடிவுதான் வேணுமாம்."

"இப்ப அதை மாத்திட்டோமே ஐயா. பையன் பையனாவே இருப்பான். கஞ்சக் கிழவனோட காணாமப்போன மகன்னு தெரியவரும். அதுவும் நல்லா..."

"முடி விழணும்" என்றார் காரியஸ்தர். "விழலைன்னா வண்டியைப் பூட்டிக்கலாம்."

பல்தசாரே தலையை ஆட்டினார். காரியஸ்தர் போகும்போது, கழுதைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த ஜினெவ்ராவைப் பார்த்து, "யாரு, உங்க பையனா?" என்று கேட்டார்.

"ஆமா. என் மகன் சில்வியோ."

ஜினெவ்ரா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அங்கே இல்லை. காதில் விழும் தூரத்தில்கூட இல்லை. அப்பா அந்த வார்த்தையைச் சொன்னபோது முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. போன வாரம் சத்திரக்காரனிடமும் இப்படித்தான் சொன்னார். அதற்கு முந்தின வாரம் சுங்கச்சாவடியில்.

"அப்பா, அம்மாதான் இங்க இல்லையே" என்றாள்.

"என்ன?"

"அந்த ஆள்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பல்தசாரே ஒருகணம் நிஜமாகவே புரியாமல் விழித்தார். பிறகு கையை உதறினார். "பழக்கதோஷம். அதை விடு. இன்னிக்கு நீ முடியை அவுத்துத்தான் ஆகணும். அந்த நேரத்திலே உங்கம்மாவைப் பின்னாடி சாமான் அறையிலே உட்கார வெச்சு, உன் மாமன் தெசியோ கதவைச் சாத்திடுவான். அவ காட்சிதான் முன்னாடியே முடிஞ்சிடுமே."

"பார்த்தா என்ன ஆகும்?"

"செத்துருவா!" குரல் எகிறியது. உடனே தணித்துக்கொண்டார். "அவ சந்தோஷமா இருக்காடி. இந்த எட்டு மாசமா மேடையிலே எப்படி நிக்கிறா பாரு. கல்யாணம் ஆன புதுசுலகூட அவ அப்படி நடிச்சதில்லை. குணமாயிட்டு வருது. நீதான் கெடுக்கப் பாக்குறே."

அதில் ஒரு பாதி பொய்யில்லை. காதலன் கைவிட்டதால் பித்துப்பிடித்த பெண்ணாக ஓர்சோலா மேடையேறினால் லொம்பார்டிப் பிரதேசம் முழுக்க அதையே பேசுவார்கள். வராத கல்யாண விருந்தாளிகளுக்காக அவள் காலி நாற்காலிகளைத் துடைத்துப் போடுவாள். ஒவ்வொரு நாற்காலியிடமும் பெயர் சொல்லி நலம் விசாரிப்பாள். முதல் நாற்காலிக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஐந்தாவது நாற்காலிக்கு ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

மேடையை விட்டு இறங்கிய பிறகும் அவள் சில நாட்களில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள் என்பது ஜனங்களுக்குத் தெரியாது.

*

ஓர்சோலா சாமான் அறையில் பெட்டிமேல் உட்கார்ந்து, கிழிந்த சட்டைக்கையைக் காட்சிக்காக இன்னும் கொஞ்சம் கிழித்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே வந்ததும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள்.

"சில்வியோ, இந்த ஊர்ல நல்ல மெழுகுவத்தி எங்க கிடைக்கும்னு விசாரிச்சியா? கொழுப்பு வத்தி வேண்டாம், புகையும். தேன்மெழுகுதான் வேணும். உன் தங்கச்சிக்கு ஏத்தணும்."

"விசாரிக்கிறேம்மா."

"அவ பிறந்தப்போ நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன், தெரியுமா உனக்கு?" சட்டைக்கையிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவதும் பையன்னு நினைச்சிருந்தேன். வண்டி தள்ள, மேடை அடிக்க ஆள் வேணுமே. பொண்ணுன்னதும் வெறுத்துப்போச்சு. அது என்னவோ என் பின்னாலயே சுத்தும். நான் நடிக்கிறதைத் திரை ஓட்டை வழியாப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிச்சு."

ஜினெவ்ரா தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"நல்லாத்தான் நடிச்சா. என்னைவிட நல்லா. எனக்குப் பொறாமையா இருக்கும். ஒருநாளாவது நல்லா இருந்துச்சுடின்னு சொன்னதில்லை. இப்ப சொல்லணும்போல இருக்கு. யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"எங்கிட்ட சொல்லும்மா."

"உங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" ஓர்சோலா அவள் கன்னத்தைத் தட்டினாள். "அவகிட்டல்ல சொல்லணும்."

ஜினெவ்ரா எழுந்து வெளியே வந்தாள். தாய் தனக்காக அழுவதை இத்தனை நாள் கேட்டிருக்கிறாள். அது ஒரு மாதிரி பழகிவிட்டது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு இனிமேலும் இந்தச் சட்டைக்குள் இருக்க அவளால் ஆகாது.

தெசியோ மாமா முற்றத்தில் வேலைக்கார விதூஷகனின் கறுப்பு முகமூடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஓர்சோலாவின் தம்பி.

"மாமா, கடைசிக் காட்சியிலே அந்தக் கதவைச் சாத்தாதே."

"உங்கப்பன் என் மூஞ்சித் தோலை உரிச்சுடுவான்."

"உனக்கென்ன, மேலே இன்னொரு தோல் மாட்டியிருக்கியே."

மாமா சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற மனிதர். ரொட்டியைக் கீழே வைத்தார்.

"ஜினெவ்ரா," என்றார். எட்டு மாதத்தில் அந்தப் பெயரை அவர் சொன்னது அன்றுதான். "அக்காவுக்குத் தெளிஞ்சா என்னென்னவோ கேட்பா. பதில் சொல்ல உங்கப்பனுக்குத் தெம்பு இருக்கான்னு எனக்குத் தெரியலை."

"என்ன பதில்?"

"ஒண்ணுமில்லை. போ. கதவைச் சாத்தலை."

*

கூடம் நிறைந்திருந்தது. பீப்பாய்கள்மேல் பலகை பரப்பிய மேடை. முன்வரிசையில் மாளிகை அம்மாள், முத்துமாலையை விரலில் சுற்றிக்கொண்டு.

பல்தசாரே நீண்ட மூக்கு முகமூடியும் சிவப்புக் காலுறையுமாகக் கஞ்சக் கிழவன் வேஷத்தில் துள்ளினார். தெசியோ அவரிடம் உதை வாங்கினார். ஓர்சோலா நாற்காலிகளைத் துடைத்தாள். ஐந்தாவது நாற்காலியில் மாளிகை அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். காட்சி முடிந்ததும் ஓர்சோலா உள்ளே போனாள்.

கடைசிக் காட்சி. கிழவன் கத்தியை உருவி, "யாரடா நீ? உண்மையைச் சொல்!" என்று கர்ஜித்தான்.

ஜினெவ்ரா தொப்பியைக் கழற்றினாள். கொண்டை ஊசியை உருவினாள்.

கூந்தல் இறங்கிய வேகத்தில் தலையே ஒரு பக்கம் இழுத்தது. எட்டு மாதமாக ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்த கூந்தல். கூடமே கைதட்டியது. அந்தச் சத்தத்தின் நடுவில் பக்கவாட்டுத் திரை விலகியதை ஜினெவ்ரா மட்டும் பார்த்தாள்.

ஓர்சோலா கிழிந்த உடையில் மெதுவாக மேடைக்கு வந்தாள். நேரே மகளிடம் வந்து, கூந்தலை அடியிலிருந்து நுனிவரை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். துணி வாங்குகிறவள் நூலைச் சோதிப்பதுபோல.

"ஜினெவ்ரா" என்றாள்.

"ஆமாம்மா."

"ஜினெவ்ரா."

கூட்டம் பூரித்துப்போயிற்று. பைத்தியக்காரி தெளிந்துவிட்டாள், புது முடிவு! யாரோ "சபாஷ்!" என்று கத்தினார்கள்.

ஓர்சோலாவின் கை கூந்தலிலிருந்து சட்டைக்கு இறங்கியது. காலரைப் பிடித்தது. பித்தானைத் தொட்டது. அவள் கையாலேயே தைத்த பித்தான்.

"இது அவன் சட்டை" என்றாள். "நீ இங்க இருக்கே. அப்ப அவன் எங்கே?"

பல்தசாரே பாய்ந்து நடுவில் வந்தார். "அம்மணிக்குப் பித்தம் தெளிந்தது! கூப்பிடுங்கள் பாதிரியாரை, கொண்டுவாருங்கள் விருந்தை! செலவு மட்டும் பக்கத்து வீட்டுக்காரனுடையது!"

சிரிப்பு கூரையை முட்டியது.

ஓர்சோலா திரும்பினாள். அந்த நீண்ட மூக்கைப் பிடித்து முகமூடியை ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

"பல்தசாரே, என் பிள்ளை எங்கே?"

முகமூடியின் கீழே அப்பாவின் முகம் வேர்த்து வெளுத்திருந்தது. பிறகு அந்த மனிதர், நாற்பது வருஷப் பழக்கத்தில், கூட்டத்தைப் பார்த்து இடுப்பை வளைத்து வணக்கம் போட்டார். கூடம் எழுந்து நின்று தட்டியது.

*

சாமான் அறையில் பல்தசாரே நிலைகொள்ளாமல் நடந்தார்.

"அழுதாங்க! அந்த அம்மா முத்துமாலையையே கழட்டிக் கொடுத்துட்டாங்க, பார்த்தியா? நாளைக்கும் இதையே ஆடணுமாம். ஓர்சோலா, அந்த முகமூடியைப் பிடுங்கினே பாரு, அதை அப்படியே வெச்சுக்கலாம். ஆனா என் பேரைச் சொல்லாதே, வேஷத்துப் பேரைச் சொல்லு."

"அப்பா, போதும்" என்றாள் ஜினெவ்ரா.

ஓர்சோலா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். முகத்துச் சாயத்தை ஈரத்துணியால் நிதானமாகத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் கேட்டாள்.

"அவனை யார் குளிப்பாட்டினது?"

"யாரை?"

"சில்வியோவை. யார் குளிப்பாட்டினது? கண்ணை யார் மூடினது?"

"கன்னியாஸ்திரிங்க. வேற யாரு? தொத்து நோய். உள்ள விடலை."

"நீ பார்த்தியா?"

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசியது அன்றுதான். பல்தசாரே நடப்பதை நிறுத்தினார்.

"எங்க புதைச்சாங்க? எந்தக் கோயில் கல்லறை? நாடகக்காரனுக்கு இடம் கொடுத்தாங்களா, இல்லே ரோட்டோரமா?"

"இப்ப எதுக்கு இதெல்லாம்..."

"நீ பார்த்தியான்னு கேட்டேன்."

கதவருகே நின்ற தெசியோ முகமூடியைக் கழற்றித் தரையில் வைத்தார். "சொல்லிடுங்க அத்தான்" என்றார். "என்னால இனிமே முடியலை. நானும் சேர்ந்துதானே அவனைத் தூக்கிட்டுப் போனேன்."

வெளியே கழுதை ஒன்று குளம்பால் தரையை உதைத்தது.

"மூச்சு இருந்தது" என்றார் பல்தசாரே.

ஜினெவ்ராவுக்கு முதலில் வார்த்தை மட்டும்தான் கேட்டது. அர்த்தம் பின்னால் வந்தது.

"சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னு அவங்கதான் சொன்னாங்க. பெரிய கன்னியாஸ்திரி சொன்னாங்க, கேளு தெசியோவை. மறுநாள் பார்மாவிலே ஆட்டம். பன்னிரண்டு பேர் வயிறு. மூச்சு இருக்குன்னு தெரிஞ்சா நீ அந்த வாசலை விட்டு நகருவியா? நகரமாட்டே. அதான் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னேன். அரை நாள் முன்னாடி சொன்னேன், அவ்வளவுதான். அன்னிக்குச் சாயங்காலம் செத்திருப்பான். கட்டாயம் செத்திருப்பான்."

"சேதி வந்துச்சா?" என்றாள் ஓர்சோலா.

"வரலை."

"ஆள் அனுப்பினியா?"

"இல்லை."

"எட்டு மாசமா? நாப்பது மைல் தூரத்துக்கு ஒரு ஆள் அனுப்ப முடியலையா? ஏன்?"

பல்தசாரே தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அனுப்பினா பதில் வந்துடுமே."

ஜினெவ்ரா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவுக்காகத்தான் தனக்கு இந்த வேஷம் என்று எட்டு மாதமாக நினைத்திருந்தாள். காரியஸ்தரிடமும் சத்திரக்காரனிடமும் சுங்கச்சாவடியிலும் இவர் யாருக்காக அப்படிச் சொன்னார் என்று இப்போது விளங்கியது. தினமும் காலையில் கண்ணெதிரே சில்வியோ கழுதைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தால், அவனை எங்கே விட்டுவந்தோம் என்று ஒரு தகப்பன் நினைக்கவே வேண்டாம்.

ஓர்சோலா அழவில்லை. கிழிந்த உடையைக் கழற்றி மடித்து வைத்து, தன் கம்பளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டாள்.

"ஜினெவ்ரா, உன் உடுப்பை மாத்திக்கோ. கிளம்பு."

"ஓர்சோலா, நாளைக்கு ஆட்டம் இருக்கு. ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். ஆட்டம் முடிஞ்சதும் நானும் வரேன், எல்லாரும் சேர்ந்து..."

"நீ எதுக்கு? உனக்குத்தான் அவன் செத்துட்டானே."

பல்தசாரே பெட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். ஜினெவ்ரா அவர் பக்கம் போகவில்லை.

தெசியோ மாமா சாம்பல் நிறக் கழுதையை அவிழ்த்துக் கொடுத்தார். கூட வருவதாகச் சொன்னார். "வேண்டாம்" என்றாள் அக்கா. அவர் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

*

நகர வாசலை நோக்கிப் போகும் தெருவில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அம்மா கழுதைமேல். ஜினெவ்ரா கயிற்றைப் பிடித்து நடந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பாவாடை காலைத் தடுக்கியது.

"அம்மா, நிஜமாவே உனக்குத் தெரியலையா? நான்னு?"

ஓர்சோலா கழுதையின் பிடரி மயிரைக் கோதினாள்.

"தெரிய வேண்டாம்னு இருந்துச்சு" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீயும் எட்டு மாசம் நல்லாத்தான் நடிச்சே."

பிறந்ததிலிருந்து காத்திருந்த வார்த்தை. இந்தக் குரலில் வருவதற்கு, அது வராமலே இருந்திருக்கலாம். ஜினெவ்ரா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வாசலில், தொற்று இல்லை என்று வழிப்போக்கர்களுக்குச் சுகாதாரச் சீட்டு எழுதுகிற காவலன் மேஜையை மடித்துவைக்கத் தயாராக இருந்தான். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மையைத் திறந்தான்.

"எந்த ஊருக்கு?"

"கிரெமோனா" என்றாள் ஜினெவ்ரா.

"என்ன விஷயமா?"

"எங்க அண்ணனைப் பார்க்க. கன்னியாஸ்திரிங்க ஆஸ்பத்திரியிலே விட்டிருந்தோம்."

"எது, ஆத்தங்கரை ஆஸ்பத்திரியா?" எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "அதைக் கோடையிலேயே மூடிட்டாங்களேம்மா. வெள்ளம் உள்ள வந்து பாதிக் கட்டடம் போச்சு. இருந்தவங்களைப் படகிலே ஏத்தி இந்தக் கரைக்குக் கொண்டாந்தாங்க. நானே சீட்டு எழுதியிருக்கேன், ஒரு இருபது பேருக்கு. நடக்க முடிஞ்சவங்களுக்கு."

"சில்வியோன்னு யாராவது?" ஜினெவ்ரா மேஜைமேல் குனிந்தாள். "இருபது வயசு. இதோ, என் முகம் மாதிரியே இருப்பான்."

காவலன் அவள் முகத்தை விளக்கருகே வைத்துப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "ஜூன் மாசம்மா அது. தாடியும் புண்ணுமா எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தாங்க. பாதிப் பேருக்குச் சொந்தப் பேரே தெரியலை. தெக்கே மலைப்பக்கம் மடத்துக்கு நடந்தாங்கன்னு ஞாபகம்."

"நடக்க முடியாதவங்க?" என்றாள் ஓர்சோலா கழுதைமேலிருந்து.

காவலன் குனிந்து சீட்டில் முத்திரையை அழுத்தினான். ஊர்ப் பெயர் எழுதும் இடம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது.

"கிரெமோனான்னு எழுதவா, மலைப்பக்கம்னு எழுதவா?" என்று கேட்டான். "சீக்கிரம் சொல்லுங்க. வாசலைச் சாத்தணும்."

ஜினெவ்ரா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஓர்சோலா கழுதையை விட்டு இறங்கி, சீட்டுக்குக் காத்திராமல், ஏற்கெனவே வாசலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றிருந்தாள். அங்கே சாலை ஆற்றுக்கும் மலைக்குமாக இரண்டாகப் பிரிந்தது.